ஊர்ப்பெயர்களைத் திரளாகப் பார்க்க ஒரு திறந்த வரைபடம்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மதிப்புரை

ஓர் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் தலபுராணம் ஒரு கதை சொல்லும், ஊர்ப் பெரியவர் ஒரு கதை சொல்வார், பேரூராட்சியின் ஆண்டுமலர் இன்னொரு கதை சொல்லும். ஆனால் அதே ஈற்றில் முடியும் மற்ற ஊர்கள் எந்தெந்த மாவட்டங்களில் இருக்கின்றன, எங்கே நெருங்கிக் கிடக்கின்றன, எந்த ஆற்றைத் தாண்டியதும் அருகிப்போகின்றன என்று கேட்டால் விடை சொல்ல ஆள் கிடைப்பது அரிது. இடப்பெயராய்வில் ஈடுபட்டவர்கள் ஒரு பெயரைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு என இரண்டாகப் பிரிப்பார்கள். காரைக்குடியில் ‘காரை’ சிறப்புக்கூறு, ‘குடி’ பொதுக்கூறு. கதைகள் பெரும்பாலும் முன்பாதியைச் சுற்றியே பிறக்கின்றன. பின்பாதியைப் பற்றி நம்பத்தகுந்த எதையாவது சொல்ல வேண்டுமானால் நூற்றுக்கணக்கான ஊர்களை ஒருசேர வைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த வேலைக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றுள் முதலிடம் தரத்தக்கது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பதே இந்த மதிப்புரையின் முடிவு. அதன் குறைகளும் சிறியவை அல்ல. அவற்றையும் கீழே சொல்கிறேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004ஆம் ஆண்டு ஸ்டீவ் கோஸ்ட் என்பவரால் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் கணக்கு ஒன்றைத் தொடங்கிச் சாலையையோ குளத்தையோ ஊரையோ சேர்க்கலாம், திருத்தலாம். 2012 முதல் திறந்த தரவுத்தள உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் முழுத் தரவையும் இறக்கிப் பயன்படுத்தலாம். வழிகாட்டும் செயலியாக இதை எடைபோடுவது என் நோக்கமன்று. பெயர்களைத் தேடுகிறவருக்கு முக்கியமானது, இந்த வரைபடம் ஒவ்வொரு ஊரையும் ஒரு புள்ளியாக வைத்து, அதன்மேல் குறிச்சொற்களாகப் பல பெயர்களைத் தாங்கி நிற்கிறது என்பதுதான். ஊரின் பொதுப்பெயர், தமிழ்ப்பெயர், ஆங்கிலப்பெயர், மாற்றுப்பெயர், பழைய பெயர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. தளத்தைத் திறந்தவுடன் தமிழ்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தெரிவதைக் கண்டு பலர் மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழ்ப்பெயர் புள்ளியின் உள்ளே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர வேறொரு வாசல் வழியாகப் போக வேண்டும்.

அந்த வாசலின் பெயர் ஓவர்பாஸ் டர்போ. உலாவியிலேயே இயங்கும் தேடல் பக்கம் இது; இடப்பக்கம் வினவல் எழுதும் கட்டம், வலப்பக்கம் வரைபடம். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ‘விசர்ட்’ என்னும் பொத்தான் இருக்கிறது. அதில் தமிழ்ப்பெயருக்கான குறிச்சொல்லை (name:ta) மேற்கோள் குறிக்குள் இட்டு, அதன்பின் அலைக்குறியையும் (~), தேட வேண்டிய ஈற்றையும், ஈறு பெயரின் கடைசியில்தான் வர வேண்டும் என்பதற்கு அடையாளமாக டாலர் குறியையும் ($) இன்னொரு மேற்கோள் குறிக்குள் சேர்த்து இட்டால் போதும். ‘பாக்கம்$’ என்று கொடுத்து இயக்கினால் சில நொடிகளில் வரைபடத்தின்மேல் வட்டங்கள் விழத் தொடங்குகின்றன. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மேற்கே இராணிப்பேட்டை, திருவண்ணாமலை வரைக்கும், தெற்கே விழுப்புரம், கடலூர் வரைக்கும் தொடர்ந்து, கொள்ளிடத்துக்குத் தெற்கே அரிதாகிவிடும். ஏறக்குறைய தொண்டைமண்டலமும் அதன் தெற்கேயுள்ள நடுநாடும் சேர்ந்த பரப்பே இது. தெலுங்குப் பெயர்களுக்கான குறிச்சொல்லிலும் அதே ஈற்றைத் தேடினால், பிள்ளையார் கோயிலால் பெயர்பெற்ற சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கம் வடமேற்கே வந்து சேர்ந்துகொள்கிறது.

இந்த ஒரு தேடலே ஒரு பழைய இலக்கணக் கூற்றைச் சோதித்துப் பார்க்க இடம் தருகிறது. அகப்பொருள் இலக்கண நூல்கள் ஐந்நிலத்துக்கும் ஊர்ப்பெயர்களை வகுத்துத் தந்திருக்கின்றன: குறிஞ்சிக்குக் குறிச்சியும் சிறுகுடியும், முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், நெய்தலுக்குப் பட்டினமும் பாக்கமும். சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக விளங்கியதை நினைத்தால் இந்த வகைப்பாடு வெறும் ஏட்டுச்சுரைக்காய் அன்று என்பது தெரியும். ஆனால் இன்றைய வரைபடத்தில் அது எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்ப்பதில்தான் இந்தக் கருவியின் உண்மையான பயன் இருக்கிறது. ‘பட்டினம்’ பெரிதும் நிற்கிறது. நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் எனக் கடற்கரை ஓரமாகவே வட்டங்கள் இறங்கிச் செல்கின்றன. ‘பட்டணம்’ என்று இரண்டு எழுத்தை மாற்றித் தேடினால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் போன்ற உள்நாட்டு ஊர்களும் வந்துவிடுகின்றன. ‘பாக்கம்’ நிற்கவில்லை. அது கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே வந்து ஏரிக்கரைகளில் குடியேறியிருக்கிறது. தேவாரம் பாடிய அச்சிறுபாக்கம் கடற்கரை ஊர் அன்று. ‘குறிச்சி’ பாதி நிற்கிறது: கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சியும், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியிலுள்ள ஆழ்வார்குறிச்சியும் இலக்கணத்துக்குச் சான்று சொல்ல, கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியும் தஞ்சைச் சமவெளியிலுள்ள குறிச்சிகளும் மறுத்து நிற்கின்றன. முல்லைக்குச் சொன்ன ‘பாடி’யோ தரங்கம்பாடியாகக் கடலலை தொடும் இடத்திலேயே இருக்கிறது. ஒரு நூலகத்தில் பல நாள் உட்கார்ந்து கிராமப் பட்டியல்களைப் புரட்டிச் செய்ய வேண்டிய சோதனையை ஒரே அமர்வில் செய்து முடிக்கலாம் என்பது சாதாரண வசதி அன்று.

தமிழ் எழுத்தின் இயல்பை அறியாமல் தேடினால் இந்தக் கருவி கைவிட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஊர்$’ என்று தேடிப்பாருங்கள். வேலூரும் வராது, கடலூரும் வராது, திருவாரூரும் வராது. காரணம் எளியது. வேலூரில் ‘ஊ’ என்னும் உயிரெழுத்து இல்லை. லகரத்தின்மேல் ஏறிய ஊகாரக் குறிதான் இருக்கிறது. கணினி எழுத்தைப் பார்க்குமே தவிரப் புணர்ச்சியைப் பார்க்காது. ஆகவே மெய்யெழுத்தை விட்டுவிட்டுக் குறியை மட்டும் தட்டச்சிட்டு, ‘ூர்$’ என்று தேட வேண்டும். தனிக்குறியைத் தட்டச்சிடச் சில விசைப்பலகைகள் இடம் தருவதில்லை. ‘ஏரி’ என்னும் ஈற்றுக்கும் இதே நிலைதான், கூடவே இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ேரி$’ என்று தேடினால் பொன்னேரி வரும். அதோடு வேளச்சேரியும் புதுச்சேரியும் சேர்ந்து வரும், ஏனென்றால் ‘சேரி’யின் கடைசியிலும் அதே எழுத்துகள்தாம். நீர்நிலையையும் குடியிருப்பையும் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். பாக்கத்துக்கும் ஒரு கிளைவழக்கு இருக்கிறது: புரசைவாக்கம், வில்லிவாக்கம், கத்திவாக்கம் ஆகியவற்றில் பகரம் வகரமாகிவிட்டதால் முதல் தேடலில் அவை சிக்கா. ‘[பவ]ாக்கம்$’ என்று இரண்டு எழுத்தையும் சதுர அடைப்புக்குள் கொடுத்தால்தான் முழுக்கூட்டமும் கிடைக்கும். தமிழ் வழக்கை அறிந்தவர் இந்தக் கருவியிடமிருந்து கூடுதலாகப் பெறுவார். அறியாதவருக்கு அரைகுறைப் படம்தான் கிடைக்கும்.

மற்ற வட்டாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கம் ‘பட்டி’. கொங்கு நாட்டில் ‘பாளையம்’. இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனத்தை நினைவூட்டும் ‘ஏந்தல்’. கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘விளை’. களியக்காவிளையில் நின்று மலையாளப் பெயர்களையும் சேர்த்துத் தேடினால் ‘விளை’ மாநில எல்லையைப் பொருட்படுத்துவதில்லை என்பது தெரியும். ஈரோட்டுப் பக்கம் ‘வலசு’ என்றும், மண்டபம் பகுதியில் சாத்தக்கோன்வலசை போன்ற ஊர்களில் ‘வலசை’ என்றும் வழங்கும் ஈறு, ஓரிடம் விட்டு ஓரிடம் பெயர்ந்து வந்து குடியமர்ந்தவர்களின் தடத்தைச் சொல்வது; இவ்விரண்டையும் ஒரே வினவலில் வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கப் பயிற்சி.

இரு மொழிகள் சந்திக்கும் நிலங்களில் இந்த வரைபடம் மேலும் சிறக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கன்னட ‘ஹள்ளி’ தமிழில் ‘அள்ளி’யாகி மாரண்டஅள்ளி போன்ற பெயர்களில் நிற்கிறது, கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும் பெயர்தான் ஓசூர். ‘ள்ளி$’ என்று தேடினால் ‘பள்ளி’யில் முடியும் ஊர்களும் சேர்ந்தே வரும் என்பதால் அங்கும் பிரித்தறியும் வேலை உண்டு. இலங்கைத் தரவில் சிங்களப் பெயரும் தமிழ்ப்பெயரும் ஒரே புள்ளியின்மேல் அருகருகே பதிவாகியிருப்பது ஒப்பிட மிகவும் ஏற்றது. மட்டக்களப்பைத் தமிழில் பார்த்துவிட்டு அதன் சிங்கள வடிவமான மடகலபுவவைப் பார்த்தால், களப்பு என்னும் கழிமுகச் சொல்லை இரு மொழிகளும் பகிர்ந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் ‘வில்$’ என்று தேடுங்கள்: கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில் ஆகியவை ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் வரிசையாக நிற்க, தென்மராட்சியில் மட்டுவிலும் மந்துவிலும் தெரியும். இந்த ஈற்றைச் சிங்களத்தில் குளத்தைக் குறிக்கும் ‘வில’வோடு உறவுபடுத்துவோர் உண்டு. வன்னிக்குள் நுழைந்ததும் புளியங்குளம், கனகராயன்குளம் எனக் ‘குளம்’ முன்னுக்கு வந்துவிடுகிறது.

பழைய பெயர்களுக்கான குறிச்சொல், கருத்தளவில் இந்த வரைபடத்தின் மிகச் சிறந்த பகுதி. மயிலாடுதுறை என்று தேவாரத்தில் வழங்கிய ஊர் மாயூரமாகி, பேச்சில் மாயவரமாகி, அரசாணையால் மறுபடியும் மயிலாடுதுறை ஆனது. இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. முதுகுன்றம் என்பதை வடமொழியாக்கியதால் பிறந்த விருத்தாசலம், திருமறைக்காட்டிலிருந்து வந்த வேதாரண்யம், புளியமரக் காடு என்னும் பொருளுடைய வடசொல்லின் மருவாகிய திண்டிவனம் ஆகியவற்றுக்கும் அப்படியே. குரு தலமாக அறியப்படும் திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடியைத் தேவாரம் இரும்பூளை என்று அழைக்கிறது. இடம் இருக்கிறதே ஒழிய அதை நிரப்பியவர்கள் குறைவு. பாடல் பெற்ற தலங்களாக எண்ணப்படும் 276இல் காவிரியின் இரு கரைகளிலும் சோழநாட்டில் மட்டும் 190 இருக்கின்றன. அவற்றின் பதிகப் பெயர்களைப் பழைய பெயராகவோ மாற்றுப்பெயராகவோ சேர்த்துவிட்டால் ‘^திரு’ என்று முன்னொட்டைத் தேடுகிறவருக்குக் காவிரிப்படுகையே ஒரு பதிகத் தொகுதியாக விரியும். இப்போதைக்கு அது முழுமையாகக் கிடைப்பதில்லை.

பெயரின் பொருளை நேரடியாகச் சொல்வதற்கென்றே ஒரு குறிச்சொல்லும் உண்டு. அதை நம்பி இந்தத் தளத்துக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன். யாருடைய நினைவாகத் தெருவுக்குப் பெயர் வைத்தார்கள் என்பதைக் குறிக்க அது நன்றாகப் பயன்படுகிறது. தியாகராய நகர் சர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது என்பதில் இரண்டு கருத்து இல்லை. அப்படிப்பட்ட பெயர்களுக்கு அது போதும். ஆயிரம் ஆண்டு வழங்கி வடிவம் மாறிய ஊர்ப்பெயருக்கு ஒரு வரியில் பொருள் எழுதுவது வேறு வகைப் பொறுப்பு. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம் என்றால் அலை, ஆகவே அலைகள் பாடும் ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் விளக்கம் தருகின்றன. கேட்க இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அந்த ஊரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. ‘பாடி’ அங்கே பாடுவதும் அன்று, அலை அதன் முன்னால் நிற்பதும் அன்று. டேனியர்கள் 1620இல் வந்து கோட்டை கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயர் இருந்திருக்கிறது. வரைபடம் செய்ய வேண்டியது சடங்கன்பாடி என்னும் வடிவத்தைப் பழைய பெயராகப் பதிவு செய்வது. பொருளை விவாதிக்கும் இடம் கல்வெட்டுத் தொகுதிகளும் ஆய்வேடுகளும்தாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களிடையேயும் களத்தில் சரிபார்க்கக்கூடியதை மட்டும் பதிய வேண்டும் என்னும் நெறி பொதுவாக வலியுறுத்தப்படுகிறது. பெயராய்வுக்கு அது தடையாகத் தோன்றினாலும், கதைகள் உண்மையாகப் பதிவாகாமல் காக்கும் வேலி அதுவே.

இனி முதன்மையான குறை. தமிழ்ப்பெயர் பதியப்படாத சிற்றூர்கள் இன்னும் மிகப் பல. பதியப்பட்டவற்றிலும் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து தமிழுக்குத் திருப்பும்போது லகர ளகர ழகரமும், நகர னகர ணகரமும், குறிலும் நெடிலும் குழம்புவது இயல்பு. ஆலங்குடியின் முதல் எழுத்து குறிலாகிவிட்டால் ஆலமரம் போய்விடும். மணலியின் ணகரம் மாறிவிட்டால் மணல் போய்விடும். பெயரின் பொருளைத் தேடும் ஒருவருக்கு ஓர் எழுத்துப் பிழை என்பது தடயமே அழிவதற்கு ஒப்பாகும். இரண்டு எழுத்து முறைகளுக்கும் இடையிலான இந்தப் பள்ளம் அரசையே தடுமாற வைத்திருக்கிறது: 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணை, அதே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலூருக்குத் தரப்பட்ட புதிய எழுத்துகளை ஆங்கிலம் படிக்கும் வழக்கப்படி ஒலித்தால் ‘வீலூர்’ என்று வந்தது. ஆகவே இந்த வரைபடத்தில் கிடைக்கும் தமிழ் வடிவத்தை முடிவான சான்றாகக் கொள்ளாமல், பட்டா, சிட்டா பார்க்கும் அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று தமிழிலேயே இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அந்தப் பட்டியல் வருவாய்க் கிராமங்களையே தரும். அவற்றுக்குள் அடங்கிய குக்கிராமங்களுக்கு ஊருக்குள் போய்த்தான் கேட்க வேண்டும்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. வட்டம் விழாத இடத்தில் அந்த ஈறு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே தமிழ்ப்பெயரைச் சேர்க்க ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம். எதிர்ப்பக்கத்திலும் கவனம் வேண்டும்: ஊர் என்று வரையறுக்காமல் வெறும் பெயரை மட்டும் தேடினால் அதே பெயருள்ள பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் வந்து எண்ணிக்கையைப் பெருக்கிவிடும், ஒரே ஊர் புள்ளியாக ஒருமுறையும் எல்லைக்கோடாக ஒருமுறையும் வருவதும் உண்டு. மாநிலம் முழுவதையும் ஒரே மூச்சில் தேடினால் வினவல் நேரம் கடந்து நின்றுவிடலாம். விசர்ட் தானாக இடும் கால வரம்பு 25 நொடி, அதைக் கட்டத்திலேயே கூட்டிக்கொள்ளலாம், அல்லது மாவட்டம் மாவட்டமாகத் தேடலாம். கிடைத்த முடிவைக் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளும் வசதி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரிதும் உதவும்.

வட்டார வரலாறு எழுதுகிறவர்களுக்கும், தமிழாசிரியர்களுக்கும், கல்வெட்டில் கண்ட ஊரை இன்றைய நிலத்தில் தேடுகிறவர்களுக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஓர் ஊரின் பெயர்க்காரணத்தை உடனே தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இது உதவாது. தேடல் வசதிக்கும் திறந்த உரிமத்துக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். தமிழ்ப்பெயர்களின் இன்றைய நிறைவுக்கு இரண்டரைக்குமேல் தர மனம் வரவில்லை.

அந்த இரண்டரை உயர்வது பயன்படுத்துகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. கணக்கைத் தொடங்கி, சொந்த ஊரின் புள்ளியைத் தட்டி, தமிழ்ப்பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரப்பும்போது வேறு நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து எழுதக் கூடாது. உரிமச் சிக்கல் வரும். ஊராட்சி அலுவலகப் பலகையையோ, நெடுஞ்சாலைத் துறையின் மைல்கல்லையோ, ரயில் நிலையப் பெயர்ப்பலகையையோ நேரில் பார்த்து எழுதுங்கள். அவை தமக்குள் மாறுபட்டால், நடைமுறையில் மிகுந்து வழங்கும் வடிவத்தைப் பெயராகவும் மற்றதை மாற்றுப்பெயராகவும் வைத்து, எதைப் பார்த்து எழுதினீர்கள் என்பதைத் திருத்தக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஊரில் முதியவர்கள் மட்டும் வழங்கும் பெயர் ஒன்று இருந்தால் அதற்கும் மாற்றுப்பெயர்க் கட்டத்தில் இடமுண்டு. கொல்லைக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் தனிப்பெயர் இருந்தால் அவற்றையும் அந்தந்த இடத்திலேயே தனிப்புள்ளியாகச் சேர்க்கலாம்.